வாக்வம் கிளீனர்: எந்த வேலைக்கு எந்த வேகம்?

புது வாக்வம் கிளீனர் வீட்டுக்கு வந்த முதல் நாளில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. பிளக்கைச் செருகுகிறார்கள், வேகத் திருகைக் கடைசி வரை திருப்புகிறார்கள், திரைச்சீலை முதல் தரை வரை எல்லாவற்றையும் அந்த ஒரே வேகத்தில் தேய்த்து முடிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய 1600 வாட் மோட்டார் முழுமையாக உழைக்கட்டும் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் எட்டு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நாள் இந்தக் கருவியைக் கையாண்டவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: நம் வீடுகளில் பாதிக்கு மேற்பட்ட வேலை நடு வேகத்திலும் அதற்குக் கீழும் முடிந்துவிடும். முழு வேகம் தேவைப்படும் இடங்கள் சிலவே. அந்தச் சில இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் துணி கிழியாது, கை வலிக்காது, கருவியும் நீண்ட நாள் உழைக்கும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய பஞ்சாங்கம். அப்பாவின் அலமாரியில் பல ஆண்டுப் பஞ்சாங்கங்கள் அடுக்கியிருந்தன. ஓரங்களில் வீட்டு விசேஷங்களை அவர் பென்சிலால் குறித்து வைத்திருப்பார். ஆயுதபூஜைக்கு முந்தைய நாள் அந்த அலமாரியை முழு வேகத்தில் சுத்தம் செய்தேன். தையல் விட்டுப்போயிருந்த ஒரு தாள் சரக்கென்று எழும்பி முனையில் ஒட்டியது. ஸ்விட்சை அணைப்பதற்குள் இரண்டாகக் கிழிந்து ஒரு பாதி குழாய்க்குள் போய்விட்டது. தூசிப் பையைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி அந்தப் பாதியை எடுத்தேன். என் தங்கை பிறந்த நேரம் அதில் எழுதியிருந்தது. இன்றும் அது ஒட்டுப்போட்ட தாளாகத்தான் இருக்கிறது. மறு ஆண்டு அதே அலமாரியை மிகக் குறைந்த வேகத்தில், மென்மையான தூரிகை முனையைப் பொருத்திச் சுத்தம் செய்தேன். தூசி போயிற்று, தாள் ஒன்றும் அசையவில்லை.

திருகைத் திருப்பினால் உள்ளே நடப்பது

வாக்வம் கிளீனர் தூசியை இழுப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் தூசியைத் தள்ளிக்கொண்டு வருவது அறையிலிருக்கும் காற்று. கருவிக்குள் இருக்கும் விசிறி காற்றைப் பின்பக்கம் வெளியேற்றும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப வெளிக்காற்று பாய்ந்து வருகிறது. வரும் வழியில் தூசி, முடி, மணல் எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறது. இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூசியைச் சுமந்து செல்வது காற்றின் ஓட்டம். துணியையும் தாளையும் கவ்விப் பிடிப்பது அழுத்தக் குறைவு. நமக்கு வேண்டியது முன்னது. தொல்லை கொடுப்பது பெரும்பாலும் பின்னது.

விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றோட்டமும் பாதியாகும். ஆனால் கவ்வும் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். விசிறிக்குத் தேவைப்படும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். எல்லா விசிறிகளுக்கும் பொருந்தும் கணக்கு இது. வேகத்தைப் பாதியாக்காமல் 80 சதவீதத்துக்கு மட்டும் இறக்கினாலும், காற்றோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. சக்தித் தேவையோ ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. திருகைக் கொஞ்சம் கீழே இறக்கினால் நாம் இழப்பது குறைவு, பெறுவது அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

கவ்வும் விசை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்கம்பியோடு வரும் வீட்டு வாக்வம் கிளீனர்கள் பல, வாயை முழுக்க அடைத்தால் 20 கிலோபாஸ்கல் அளவுக்கு அழுத்தக் குறைவை உண்டாக்குகின்றன. நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றழுத்தத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாயில் இது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடையின் இழுப்புக்குச் சமம். மெல்லிய திரைச்சீலையில் இரண்டரைக் கிலோ படியைக் கட்டித் தொங்கவிட்டால் கொக்கி என்ன ஆகும்? வேகத்தைப் பாதியாக்கினால் அந்த இழுப்பு அறுநூற்றைம்பது கிராமுக்கு இறங்கிவிடும்.

உங்கள் கருவியில் வேகம் எங்கே இருக்கிறது?

முதலில் கருவியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உருளை போன்ற உடலும் நீண்ட குழாயும் கொண்ட வகையில் உடலின் மேல் ஒரு வட்டத் திருகோ, இழுத்துத் தள்ளும் நீளமான ஸ்விட்சோ இருக்கும். மின்விசிறி ரெகுலேட்டரைப் போலவே இது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிறது. சிலவற்றில் எண்கள் இருக்கும். சிலவற்றில் திரைச்சீலை, சோபா, கம்பளம், தரை என்று சிறு படங்கள் இருக்கும். பேட்டரியில் ஓடும் கைக்கருவிகளில் எக்கோ, ஆட்டோ, டர்போ, பூஸ்ட், மேக்ஸ் என்று பொத்தான்கள் இருக்கும். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், குறைவு, நடு, அதிகம் என்ற வரிசைதான் உள்ளே இருக்கிறது.

விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் ஒரே வேகம்தான். அவற்றை வாங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். கையில் பிடிக்கும் வளைந்த குழாயைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சிறிய தள்ளு மூடி இருக்கும். அதைத் திறந்தால் காற்றின் ஒரு பகுதி அந்த ஓட்டை வழியே உள்ளே போய்விடும். முனையில் பிடிப்புத் தளரும். மோட்டாரின் வேகமும் சத்தமும் குறையாது, ஆனால் துணியைக் காப்பாற்ற இதுவே போதும். வேகத் திருகு உள்ள கருவியிலும் இந்த மூடி இருந்தால், அவசரத்துக்கு அதுதான் பிரேக். திரைச்சீலை கவ்வப்பட்டால் குனிந்து திருகைத் தேடவேண்டியதில்லை. கட்டைவிரலால் மூடியைத் தள்ளினால் துணி உடனே விடுபடும்.

பிளக்கைச் செருகுமுன்

1600 வாட் கருவி முழு வேகத்தில் 230 வோல்ட் மின்சாரத்தில் 7 ஆம்பியர் வரை எடுக்கும். டிவிக்கும் மேசை விளக்குக்கும் பயன்படுத்தும் சாதாரண சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. எனவே இஸ்திரிப் பெட்டி, கீசர் போன்றவற்றுக்கென்று போட்டிருக்கும் 16 ஆம்பியர் பவர் பாயிண்ட்தான் இதற்கு ஏற்றது. மெல்லிய கம்பியுள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி முழு வேகத்தில் ஓட்டாதீர்கள், கம்பி சூடாகும். மின்சாரம் போனபின் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறேனே என்று இவற்றில் விதிவிலக்குத் தேட முடியாது, யாராவது ஒருவர் திருகை மேலே தள்ளினால் போதும். இன்னொன்று: ஒரே வேகமுள்ள கருவிக்கு வெளியிலிருந்து விசிறி ரெகுலேட்டரைப் பொருத்தி வேகத்தைக் குறைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அந்த ரெகுலேட்டர் சுமார் நூறு வாட் விசிறிக்கு வடிவமைத்தது. பதினைந்து மடங்கு சுமையைத் தாங்காது.

தூசிப் பை பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் அதைக் காலி செய்த பிறகே தொடங்குங்கள். பை நிறைந்திருக்கும்போது எந்த வேகம் எப்படி இருக்கிறது என்று கற்றுக்கொண்டால், அது தவறான பாடமாகிவிடும்.

முதல் பயிற்சி: உள்ளங்கை

முனை எதையும் மாட்டாமல் குழாயின் வாயை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, மிகக் குறைந்த வேகத்தில் கருவியை இயக்குங்கள். மறு உள்ளங்கையை வாயருகே மெல்லக் கொண்டுபோங்கள். நான்கு விரற்கடை தொலைவில் காற்று கையைத் தடவிச் செல்வது தெரியும். ஒரு விரற்கடை தொலைவில் இழுப்புத் தெரியும். முழுக்க மூடினால் கை ஒட்டிக்கொள்ளும், ஆனால் எளிதாக எடுத்துவிடலாம். இப்போது திருகை நடுவுக்குக் கொண்டுவந்து அதையே செய்யுங்கள். பிறகு முழு வேகத்தில் ஒருமுறை. கையைப் பிய்த்து எடுக்க வேண்டியிருக்கும்; உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்த தடம் பதியும். உங்கள் கருவியின் ஒவ்வொரு வேகமும் துணிக்கு என்ன செய்யும் என்பதை உங்கள் தோல் இப்போது தெரிந்துகொண்டது. கையேட்டைப் பத்துமுறை படித்தாலும் இந்த அறிவு வராது. குழந்தைகளை இந்தச் சோதனைக்கு விடாதீர்கள். காதருகேயும் கண்ணருகேயும் யாரும் குழாயைக் கொண்டுபோகக் கூடாது.

இனிமேல் எந்தப் பொருளைச் சுத்தம் செய்தாலும் முறை ஒன்றுதான். மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். ஒரு முழ நீளத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தூசி போய்விட்டதா? அந்த வேகமே போதும். மிச்சமிருக்கிறதா? ஒரு படி ஏற்றுங்கள். முனை தள்ளுவதற்குக் கனமாகிவிட்டாலோ, துணி எழும்பி ஒட்டினாலோ, மோட்டாரின் குரல் திடீரென்று கீச்சென்று உயர்ந்தாலோ வேகம் அதிகமாகிவிட்டது என்று பொருள். ஒரு படி இறக்குங்கள். மேலிருந்து கீழே வருபவர்கள் பொருளைச் சேதப்படுத்திய பிறகுதான் சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வேகத்தைக் கூட்டுவதற்குமுன் கையை நிதானப்படுத்திப் பாருங்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். முழு வேகத்தில் விறுவிறுவென்று நான்கு இழுப்பு இழுப்பதைவிட, நடு வேகத்தில் ஒரு முழத்தைக் கடக்க மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொண்டு இரண்டு முறை ஓட்டுவது நல்ல பலன் தருகிறது. நூலிழைகளுக்கு இடையில் சிக்கியிருக்கும் மணல் கிளம்பி வர நேரம் வேண்டும்.

அறை அறையாக

திரைச்சீலை. மிகக் குறைந்த வேகம், சோபாவுக்கான சிறிய முனை. மேலிருந்து கீழாக மட்டும் ஓட்டுங்கள். மறு கையால் துணியின் அடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கொக்கிகளுக்கு அருகே முனையை ஒட்டவைக்காமல் லேசாகத் தடவியபடி எடுங்கள்.

ஜன்னல் கொசுவலை நம் ஊரில் தனிப் பாடம். வெல்க்ரோ நாடாவில் ஒட்டிய நைலான் வலையில் முழு வேகத்தைக் காட்டினால் வலை நாடாவோடு பிய்ந்து வரும். இரண்டு மூன்று முறை அப்படி வந்தபிறகு நாடாவின் பசை போய், இடுக்கு வழியே கொசு வரத் தொடங்கும். குறைந்த வேகத்தில், வட்டத் தூரிகை முனையால் அறையின் உள்பக்கத்திலிருந்து தடவினாலே தூசி வந்துவிடுகிறது. சட்டத்தில் திருகிய கம்பி வலைக்கு நடு வேகம் வரை போகலாம். ஏசியின் வலை வடிகட்டிக்கும் குறைந்த வேகம்தான், தூசி படிந்த பக்கத்திலிருந்து.

மெத்தை, சோபா. ரப்பர் நுரை மெத்தைக்கு நடு வேகம். விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் துணியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, ஓரத் தையல்களில் அதிக நேரம் செலவிடுங்கள். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் மெத்தையில்தான் பெருகுகின்றன. அவற்றின் கழிவு ஆஸ்துமா, தும்மல் உள்ளவர்களுக்குத் தொல்லை தருவது. அந்த வீடுகளில் வேகத்தைவிட முக்கியம், கருவியின் பின்பக்கம் ஹெப்பா வடிகட்டி இருப்பதுதான். அது இல்லையென்றால் நுண்ணிய தூசி முழு வேகக் காற்றோடு அறைக்கே திரும்பி வரும். இலவம்பஞ்சு மெத்தையோ வேறு கதை. வேகம் கூடினால் உறை எழும்பி முனையை அடைத்துக்கொள்ளும். நைந்த இடங்களில் பஞ்சு இழை இழையாக வெளியே வரும். மிகக் குறைந்த வேகத்தில் மேல் தூசியை மட்டும் எடுங்கள். மற்றதை வெயில் பார்த்துக்கொள்ளும்.

தரை. டைல்ஸ், மொசைக், சிவப்பு ஆக்சைடு தரையில் கிடக்கும் முடி, நொறுக்குத் தீனித் துகள், மேல்தூசி ஆகியவற்றுக்குக் குறைந்த வேகத்திலிருந்து நடு வேகம் வரை போதும். தரை முனையில் காலால் அழுத்தும் ஒரு கட்டை இருக்கும். அதை அழுத்தித் தூரிகையை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேகம் வைத்தால் முனை தரையோடு ஒட்டித் தள்ளுவது கடினமாகும்; முனைக்கு முன்னால் கிடக்கும் மணிகளும் பருப்பும் உள்ளே போகாமல் முனையால் தள்ளப்பட்டு ஓடும். ஆனால் டைல்ஸ்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள், கதவுச் சட்டத்தின் அடி, நகர்த்தும் ஜன்னலின் தடம் ஆகியவை முழு வேகத்துக்கு உரிய இடங்கள். அங்கே துணி இல்லை, எழும்பி வர எதுவும் இல்லை. இடுக்குக்கான மெல்லிய நீள முனையை மாட்டி, திருகைக் கடைசி வரை திருப்புங்கள்.

கம்பளத்துக்குத்தான் அதிக வேகம் வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. தரையோடு ஒட்டிப் பதித்த, முடி குட்டையான அலுவலகக் கம்பளத்துக்கு அதிக வேகம் சரி. நம் வீட்டு ஹாலில் தனியாக விரித்திருக்கும் அடர்ந்த முடியுள்ள சிறு கம்பளத்தில் அதே வேகத்தை வைத்தால், முனை அதன்மேல் மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். காற்றோட்டம் நின்றுவிடும், பிடிப்பு மட்டும் இருக்கும். இழுத்தால் கம்பளமே கூட வரும். காற்று ஓடாத இடத்தில் தூசி ஏறாது. படங்கள் அச்சிட்ட திருகுகள் சிலவற்றில் அடர் கம்பளம் உச்சியில் இல்லாமல் நடுப்பகுதியில் இருப்பதைப் பார்த்து அச்சுப் பிழையோ என்று நினைக்க வேண்டாம், காரணம் இதுதான். சுழலும் தூரிகை உள்ள கருவியானால், ஓரத்து நூல் தொங்கல்களுக்கு அருகே தூரிகையை நிறுத்திவிட வேண்டும்.

ஜமக்காளத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். பவானி ஜமக்காளம் தட்டையாக நெய்தது. ஒரு முனையை இரண்டு காலாலும் மிதித்து நின்றுகொண்டு, குறைந்த வேகத்தில் முனையை உங்களிடமிருந்து வெளியே தள்ளுங்கள். திரும்பி வரும்போது முனையைச் சற்றுத் தூக்கிக்கொள்ளுங்கள். இழுத்தால் சுருண்டு வரும் ஜமக்காளம், தள்ளினால் அசையாமல் கிடக்கும். கோரைப் பாய்க்கும் குறைந்த வேகம்தான். கோரை ஓடும் திசையிலேயே ஓட்டுங்கள், குறுக்கே போனால் ஓரம் சிலும்பும். வாசலில் போடும் தென்னை நார் மிதியடிக்கு வாக்வம் தேவையே இல்லை. எந்த வேகத்தில் வைத்தாலும் நாரைத்தான் தின்னும். வெளியே எடுத்துப்போய்ச் சுவரில் நான்கு அடி அடித்தால் வேலை முடிந்தது.

ஒட்டடைக்கு நீளக் குழாயும் தூரிகை முனையும், குறைந்த வேகமும். சுண்ணாம்பு உதிரும் பழைய சுவரானால் முனை சுவரைத் தொடாமல் ஒட்டடையை மட்டும் எட்ட வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியில் எண்ணெயோடு சேர்ந்து பிசினாகிப்போன தூசியை எந்த வேகமும் அசைக்காது. அதற்குச் சோப்புத் தண்ணீர்தான்.

புத்தகம், கொலு பொம்மை, புகைப்படச் சட்டம். கருவியில் இருப்பதிலேயே குறைந்த வேகம். அதோடு கைக்குழாயின் மூடியையும் திறந்துவிடுங்கள். புத்தகத்தை மூடிய நிலையில் இறுகப் பிடித்து, மேல் விளிம்பை முதுகுப்பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் தூரிகையால் தடவுங்கள். பழைய காகிதக்கூழ், மண் பொம்மைகளில் வண்ணம் பொருக்காக எழும்பியிருந்தால் முனையைப் பொம்மையில் வைக்கவே கூடாது. ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்த குழாய் அந்தத் தூசியை மட்டும் வாங்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைச் சுத்தம் செய்பவர்களும் இழுப்பைக் கட்டுப்படுத்தக்கூடிய கருவியைத்தான் வைத்திருக்கிறார்கள். துணியின்மேல் மெல்லிய வலையை விரித்து, குறைந்த இழுப்பில் வேலை செய்கிறார்கள்.

அந்த வலை உத்தி வீட்டில் இன்னொன்றுக்கும் உதவும். தோட்டின் திருகாணி கட்டிலுக்கடியில் விழுந்துவிட்டால், குழாயின் வாயில் மெல்லிய நைலான் துணியைக் கட்டி ரப்பர் வளையம் போட்டு, குறைந்த வேகத்தில் தரையைத் தடவுங்கள். திருகாணி துணியில் வந்து ஒட்டி நிற்கும். முழு வேகத்தில் துணியே வளையத்திலிருந்து நழுவி உள்ளே போய்விடக்கூடும். இந்தக் கருவி பிறந்த கதையிலும் துணி உண்டு. 1901-ல் லண்டனில் உறிஞ்சும் கருவியை உருவாக்கிய ஹியூபர்ட் செசில் பூத், அதற்குமுன் ஒரு நாற்காலியின்மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையின் அடியில் படிந்த அழுக்கைக் கண்டுதான் அவருக்கு நம்பிக்கை பிறந்தது.

கார். காலடியில் கிடக்கும் மணலுக்கு முழு வேகமும் இடுக்கு முனையும். கூரையின் உட்பக்கத் துணிக்கு மிகக் குறைந்த வேகம். அது பசையால் ஒட்டியது, இழுப்பு அதிகமானால் தொப்பென்று தொங்கிவிடும்.

பூஜையறையில் ஊதுவத்திச் சாம்பலையும் கற்பூரக் கரியையும் எடுக்குமுன் கையை வைத்துப் பாருங்கள். சிறு சூடு இருந்தாலும் வேண்டாம். உள்ளே தூசியும் முடியும் இருக்கிறது, மேலே காற்று பாய்கிறது, நெருப்புக்கு வேறென்ன வேண்டும்? கோலமாவு, விபூதி, சிமெண்ட் தூள் போன்ற நுண்பொடிகளை முதலில் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடுங்கள். வேகத்தைக் கூட்டினால் அவை வடிகட்டியின் துளைகளில் இன்னும் ஆழமாக அப்பிக்கொள்ளும். ஈரத்தையும் உறிஞ்சும் வகை என்று எழுதியிராத கருவியால் தண்ணீரைத் தொடவே கூடாது.

பேட்டரிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு

மின்கம்பியுள்ள கருவியில் வேகத்தைக் குறைப்பதால் மிச்சமாகும் மின்சாரம் பெரிதல்ல. 1600 வாட்டில் இருபது நிமிடம் ஓட்டினால் அரை யூனிட்டுக்குச் சற்றே அதிகம். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் மாதம் ஏழு யூனிட் போல வரும். பாதிச் சக்தியில் ஓட்டினால் மூன்றரை யூனிட் மிச்சம். மின்கட்டணத்துக்காகத் திருகைக் குறையுங்கள் என்று யாரையும் நான் கேட்க மாட்டேன்.

பேட்டரிக் கருவியில் நிலைமை தலைகீழ். அங்கே வேகம்தான் எல்லாம். 75 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். பூஸ்ட் வேகத்தில் மோட்டார் 500 வாட் எடுத்தால் ஒன்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். சுழற்சியைப் பாதியாக்கினால் தேவை எட்டில் ஒரு பங்கு. அதே பேட்டரி ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போடும் '60 நிமிடம்' பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்துக்கான கணக்கு. பல நேரங்களில் மோட்டாரால் சுழலும் தூரிகை முனையை மாட்டாமல் எடுத்த அளவு. இதைத் தெரியாமல் வாங்கி, முழு வேகத்தில் ஓட்டி, பேட்டரி பழுது என்று கடைக்கு எடுத்துப்போகிறவர்கள் உண்டு.

எனவே வீடு முழுவதையும் எக்கோவில் ஓட்டுங்கள். பிடிவாதமான இடம் வந்தால் மட்டும் பூஸ்டை அழுத்தி, பத்து விநாடியில் இறங்கிவிடுங்கள். ஆட்டோ என்ற நிலை உள்ள கருவிகள் தூரிகை சந்திக்கும் தடையையோ உள்ளே வரும் தூசியின் அளவையோ உணர்ந்து தாமாகவே வேகத்தை மாற்றுகின்றன. தொடக்கத்தில் பழக அது நல்ல துணை. வெயிலில் நின்று அடுப்பாகியிருக்கும் காரைச் சுத்தம் செய்யக் கருவியைப் பூஸ்டில் வைக்காதீர்கள். முழு வேகத்தில் பேட்டரி தானே சூடாகும். அதன் ஆயுளைத் தின்பது சூடுதான்.

தானே ஓடும் ரோபோ வகையில் தினமும் ஓட்டுவதற்கு அமைதி நிலையே போதும். தினமும் ஓடும் தரையில் தூசி சேர்வதில்லை அல்லவா.

சத்தம்

மதியம் தூங்கும் பாட்டி, பக்கத்து அறையில் கைக்குழந்தை, கீழ்த்தளத்தில் இரவுப்பணி முடித்து வந்து படுத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் எப்போதும் இருக்கிறார். முழு வேகத்தில் கத்தும் கருவியை எப்போது எடுப்பது என்று யோசித்து யோசித்தே பல வீடுகளில் அது பரணுக்குப் போய்விடுகிறது. வேகம் குறையும்போது சத்தம் வெகுவாக இறங்குகிறது. எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குறைந்த வேகத்தில் ஓட்டினால் அடுத்த அறையில் பேசுவது தடைப்படுவதில்லை. வாரம் ஒருமுறை ஆர்ப்பாட்டமாக எடுப்பதைவிட, வாரத்துக்கு மூன்று முறை அடக்கமாக எடுப்பது வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறது.

இழுப்புக் குறைந்துவிட்டதா? வேகத்தைக் கூட்டாதீர்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். நேற்று நடு வேகத்தில் வந்த தூசி இன்று வரவில்லை என்றால் கை தானாகத் திருகை மேலே தள்ளும். உண்மையில் எங்கோ அடைப்பு. மோட்டாரின் குரலைக் கேளுங்கள்; வழக்கத்தைவிட உச்சமாகக் கீச்சிட்டால் அடைப்பு உறுதி. கடுமையாக உழைப்பதால் எழும் ஒலி என்று நினைப்போம். ஆனால் காற்று வராததால் விசிறிக்குச் சுமை குறைந்து, அது வெறுமனே வேகமாகச் சுழல்கிறது. உலர்ந்த தூசிக்கான பெரும்பாலான கருவிகளில் உள்ளே வரும் அந்தக் காற்றே மோட்டாரையும் குளிர்விக்கிறது. அடைப்போடு முழு வேகத்தில் ஓட்டினால் மோட்டார் கொதிக்கும். நல்ல கருவிகளில் சூடு எல்லை மீறினால் தானாக நின்றுவிடும் அமைப்பு உண்டு. அப்படி நின்றால் பழுதென்று பயப்படாமல், பிளக்கை எடுத்துவிட்டு ஆறவிடுங்கள்.

பிறகு வரிசையாகப் பாருங்கள். முனையின் வாயில் முடிச் சுருளோ சாக்லெட் தாளோ இருக்கிறதா? குழாயைக் கழற்றி, ஒரு பக்கம் சிறு காகித உருண்டையைப் போட்டால் மறுபக்கம் விழுகிறதா? பை நிறைந்துவிட்டதா? வடிகட்டி சாம்பல் நிறமாகிவிட்டதா? கழுவலாம் என்று கையேடு சொன்னால் மட்டும் வடிகட்டியைக் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்திப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் தூசி சேறாகி ஒட்டும். இவ்வளவும் செய்தபின் பழைய நடு வேகமே மீண்டும் போதுமானதாகிவிடும்.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால்

வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வாட் என்பது கருவி எடுக்கும் மின்சாரம். எடுக்கும் தூசி அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல் 1600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு வாக்வம் கிளீனர்களின் வரவைத் தடுத்தது. 2017 செப்டம்பரில் அந்த எல்லையை 900 வாட்டுக்கு இறக்கி, ஒலிக்கும் 80 டெசிபல் என்று வரம்பு வைத்தது. நிறுவனங்கள் விசிறியையும் முனையையும் செம்மைப்படுத்தி அந்த எல்லைக்குள்ளேயே சுத்தம் செய்யும் கருவிகளைக் கொண்டுவந்தன.

வேகத்தில் எட்டு, பத்துப் படிகள் வேண்டும் என்பதில்லை. தெளிவாக வேறுபடும் மூன்று போதும். படிகள் எத்தனை என்பதைவிட, அடிப்படி எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைக் கடையிலேயே சோதியுங்கள். உங்கள் கைக்குட்டையைக் கொடுத்து, மிகக் குறைந்த வேகத்தில் குழாயில் ஒட்டவைத்துக் காட்டச் சொல்லுங்கள். எளிதாகப் பிரிந்து வந்தால் திரைச்சீலைக்கு ஆகும். 'குறைவு' என்று எழுதியிருந்தும் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தால், அந்த நிலை பெயருக்குத்தான் இருக்கிறது. திருகு கைப்பிடியிலேயே இருந்தால் இன்னும் நல்லது. முதுகு வலி உள்ளவர்களுக்கு அறைக்கு அறை குனிந்து நிமிர வேண்டியிருக்காது.

வேலை முடிந்ததும் முனையைத் தரையிலிருந்து தூக்கி, பத்து விநாடி நடு வேகத்தில் வெறுமனே ஓடவிடுங்கள். குழாய்க்குள் தங்கிய தூசியெல்லாம் பைக்குப் போய்ச் சேரும். பிறகு திருகை அடி வரை இறக்கி, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடித்து எடுங்கள், கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். அடுத்து இதை எடுப்பது வீட்டில் யாராக இருந்தாலும், கருவி குறைந்த வேகத்திலிருந்தே தொடங்கும்.